மே மாத இடிமழை, அதற்கடுத்த வெயில்: கேள்வி பதில்

முதலில் நிலவரம். உள்மாவட்டங்களில் இன்னும் நாலைந்து நாட்களுக்கு மாலையிலும் இரவிலும் இடிமழை உண்டு. அதன் பிறகு மேற்குக் காற்று வலுக்கும், வட தமிழகக் கடலோரம் காயும். இனி நீங்கள் கேட்கலாம்.

தாம்பரம்: சார், ரெண்டு நாளாக நல்ல மழை. கோடை இத்தோடு முடிந்ததா?

முடியவில்லை. இந்த மழையைக் கொண்டுவந்ததே வெயில்தான். காலையிலிருந்து தரை சூடாகிறது, வங்கக் கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது, உள்மாவட்டங்களின் மேல் காற்று வந்து குவிகிறது. பிற்பகலில் அந்தச் சூடான ஈரக்காற்று மேலே கிளம்பி, 12 முதல் 15 கி.மீ. உயரம்வரை மேகமாகத் திரள்கிறது. மழை விழும்போது ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர வைக்கும். அந்தக் கனத்த குளிர்காற்று தரையில் இறங்கிப் பரவும்போதுதான் மழைக்கு முன்னால் ஜன்னல் கதவெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. வெப்பநிலை அரைமணி நேரத்தில் பத்து டிகிரிகூட இறங்கிவிடும். அந்தக் குளிர்ச்சி அன்றைய மேகத்தோடு சரி. மறுநாள் வெயில் வந்ததும் நனைந்த தரையிலிருந்து ஈரம் கிளம்பிப் புழுக்கம் இன்னும் கூடும்.

அரக்கோணம்: எங்கள் ஊருக்கு மழை உண்டா?

வாய்ப்பு உண்டு, மாலை ஆறு மணிக்கு மேல். இப்படித் தரைச் சூட்டில் கிளம்பும் வெப்பச்சலன மழையில் ஒரு தெரு நனையும், அடுத்த தெருவில் புழுதி பறக்கும். ஊர் வாரியாக முந்தின நாளே சொல்ல முடியாது.

சின்னமனூர்: ஐயா, குலை தள்ளிய வாழை ஆயிரம் மரம் நிற்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. கோடை மழையில் வாழையைச் சாய்ப்பது தண்ணீர் அல்ல, மழைக்கு முன் வரும் சூறைக்காற்று. சவுக்குக் கழியோ மூங்கிலோ முட்டுக் கொடுக்காத மரம் இருந்தால் இன்று காலையிலேயே கொடுத்துவிடுங்கள். காற்றடிக்கும் நாளில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மண் இளகியிருந்தால் மரம் வேரோடு சாயும். இன்னொன்று: இடி கேட்ட பிறகு முட்டுக் கொடுக்கப் போகாதீர்கள், மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள்.

ஓசூர்: ஆலங்கட்டி விழுந்தது. எங்களுக்கு மட்டும் ஏன்?

கோடையில் நம் தலைக்கு மேலே நீர் உறையும் உயரம் சுமார் 5 கி.மீ. அங்கிருந்து விழும் கட்டி சமவெளிக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் உருகிவிடும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், உருகக் கிடைக்கும் தூரம் குறைவு.

விழுப்புரம்: எங்கள் ஊருக்கு மழை எப்போது?

அரக்கோணத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வேலூர்: நாலைந்து நாளில் வெயில் கூடும் என்கிறீர்கள். கத்திரி 28-ஆம் தேதி வாக்கில் முடிந்துவிடுமே? அப்புறம் தானாகக் குறையும்.

பஞ்சாங்கம் தன் கணக்கைச் சரியாகவே சொல்கிறது. சூரியன் பரணி மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதல் பாதம்வரை செல்லும் காலம் அது, மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28, 29-இல் முடியும். ஆனால் வெயில் அந்தத் தேதியைப் பார்த்து இறங்குவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31-இல். கத்திரி முடிந்த பிறகு.

வேலூர் மறுபடியும்: ஒரு வருடத்தை வைத்துச் சொல்லக் கூடாது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பார்த்த அனுபவம் இது.

அனுபவத்தை நான் தள்ளவில்லை. காரணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையில் நண்பகலில் நிழல் காலடியிலேயே விழும், சூரியன் நேர் உச்சியில். அதன்படி ஏப்ரல்தான் உச்சமாக இருக்க வேண்டும். ஆனால் வடகடலோரத்தில் உச்சம் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் வருகிறது. அதற்குக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது மேற்குக் காற்று வலுக்கிறது. அது கேரளப் பக்கத்தில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது அழுத்தத்தால் சூடாகி, காய்ந்த தரைமீது ஓடி வேலூர், திருத்தணி வழியாகச் சென்னைக்கு வருகிறது. கடற்காற்றையும் கடலோடு நிறுத்திவிடுகிறது. பதினோரு மணிக்கு உள்ளே வரவேண்டிய கடற்காற்று மூன்று மணிக்கு வந்தால், அந்த நாலு மணி நேரத்தில்தான் பாதரசம் 41, 42-ஐத் தொடுகிறது.

கோவை: நான் வேலூர்க்காரர் பக்கம். எங்களுக்குக் கத்திரி முடிகிறபோது ஜில்லென்று ஆகிவிடுகிறதே?

உங்களுக்கு ஆகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அதே மேற்குக் காற்று ஈரம் காயாமல் உங்களிடம் வருகிறது. தென்காசிக்கும் அப்படித்தான், குற்றாலத்தில் சீசன் தொடங்குகிற நேரம் அது. கோவையைக் குளிர்விக்கும் காற்றுதான் சென்னையைச் சுடுகிறது. ஒரே தேதியை இரண்டு ஊருக்கும் எப்படிப் பொருத்துவது?

வேலூர்: 2025-இல் கத்திரிக்குள்ளேயே மழை பெய்து குளிர்ந்ததே?

அது என் பக்கத்து ஆதாரம். அந்த வருடம் கேரளத்தில் பருவமழை மே 24-இலேயே தொடங்கிவிட்டது. கத்திரி நடப்பில் இருக்கும்போதே குளிர்ந்தது, 2003-இல் கத்திரி முடிந்த பிறகு கொதித்தது. இரண்டையும் முடிவு செய்தது காற்றும் ஈரமும்தான். நாளை காலை பத்து மணிக்கு மாடியில் காயும் வேட்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். கிழக்கு நோக்கி விறைப்பாகப் பறந்தால் அன்று மதியம் வெளி வேலையைத் தள்ளிப் போடலாம். தேதியைவிட வேட்டி நம்பகமானது.

திருவள்ளூர்: எங்கள் ஊருக்கு…

மூன்றாவது முறை இதே கேள்வி. ரேடார் படம் வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மூன்று மணிக்கு மேல் அதைப் பாருங்கள்.

மயிலாப்பூர்: 40 டிகிரி வந்தும் வெப்ப அலை என்று அறிவிக்கவில்லையே?

சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37 டிகிரி தொட்டால் மட்டும் போதாது, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதச் சென்னையின் இயல்பே 37-ஐ ஒட்டி இருப்பதால் கணக்கு 42-க்குப் பக்கத்தில் போகிறது. ஆனால் உடம்பு ஈரத்தையும் சேர்த்துத்தான் உணரும். கடலோரத்தில் 38 டிகிரியே ஆபத்தாகலாம். அறிவிப்பு வரவில்லை என்பதற்காகப் பெரியவர்களை மதியத்தில் வெளியே அனுப்பாதீர்கள்.

பெரம்பூர்: செம்பரம்பாக்கம் ஏரி இந்த மழையில் ஏறுமா?

ஏறாது. காய்ந்த மண்ணே குடித்துவிடும். ஏரிக்கு வடகிழக்குப் பருவமழைதான்.

தர்மபுரி: எனக்கு முதுகுவலி, மழைக்காலத்தில் கூடுகிறது.

மருத்துவரைப் பாருங்கள்.

அரியலூர்: ஆடு மேய்க்கிறோம் சார். இடி நின்று எவ்வளவு நேரம் கழித்து வெட்டவெளிக்குப் போகலாம்?

இன்று வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் அது ஒரு கி.மீ. தூரத்தில் விழுந்திருக்கிறது, அடுத்தது உங்கள் மேல் விழலாம். மழை நின்ற பிறகும், மேகம் தள்ளிப் போன பிறகும் மின்னல் விழும். தனிப் பனைமரம், புளியமரம், தகரக் கொட்டகை மூன்றும் வேண்டாம். ஓட்டு வீடோ மாடி வீடோ பக்கத்தில் இருந்தால் உள்ளே போய்விடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் பள்ளமான இடத்தில், கால்களைச் சேர்த்துக் குந்தி உட்காருங்கள், படுக்காதீர்கள். ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி இருங்கள். கையில் போன் இருந்தால் தாமினி செயலியைப் போட்டு வையுங்கள், சுற்று வட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.