டர்பனில் கார்பன் அச்சு: ஜூலையில் போட்ட கர்வ் ஜனவரியில் ஏன் பொருந்துவதில்லை, வெளிர் இடங்கள் ஏன் கழுவிப் போகின்றன?

கார்பன் அச்சில், நிறமி கலந்த ஜெலட்டின் பூசிய தாளை (டிஷ்யூ) நெகட்டிவின் கீழ் வைத்து யூவி ஒளி காட்டினால், ஒளி பட்ட ஜெலட்டின் இறுகும்; அதை வேறொரு தாளில் ஒட்டி வெந்நீரில் கழுவினால் இறுகாதது கரைந்து படம் நிற்கும். கர்வ் என்பது நெகட்டிவை அச்சிடும்போது எந்த நிறச்சாயலுக்கு எவ்வளவு மை என்று சொல்லும் திருத்தம். அதைத் தொடாதீர்கள், முதலில் ஈரத்தைப் பிடியுங்கள். டைக்ரோமேட் (ஜெலட்டினை ஒளியில் இறுகச் செய்யும் உப்பு) ஏற்றிய டிஷ்யூ ஈரமாக இருந்தால் ஒளியை வேகமாக வாங்கும். தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்காலம், ஜனவரி கோடை: உள்நாட்டு ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் சரியாக வந்த நேரம் கடலோர டர்பனின் ஈரக் கோடையில் வராது. டிஹியூமிடிஃபையர் வைத்து அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். டிஷ்யூ அங்கே இரண்டு மணி நேரம் கிடக்கட்டும். இருட்டில் வைத்தாலும் அது மெல்ல இறுகும். அதனால் எல்லாச் சோதனையும் பூசிய அதே நாளில்.

அடுத்தது அடிப்படை நேரம். மை படாத வெறும் ஃபிலிமால் டிஷ்யூவை மூடி, யூவி விளக்கில் பகுதி பகுதியாக 60, 85, 120, 170, 240 வினாடி கொடுங்கள். வெயில் இதற்கு ஆகாது. கழுவிய அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, எந்தப் படிக்கு மேல் கருமை கூடவில்லையோ அதுதான் உங்கள் நேரம். அதைத் தாண்டினால் ஜெலட்டின் அடிவரை இறுகி, பின்தாள் கழலாது.

பிறகு உங்கள் பிரிண்டரிலேயே ஒரு படிப்பட்டை: மை இல்லாததிலிருந்து முழு மை வரை படிப்படியாகக் கூடும் பட்டை. மையின் அடர்த்தியைக் கண்ணால் அளக்க முடியாது. யூவியை அது எவ்வளவு தடுக்கிறது என்பது டிஷ்யூவுக்குத்தான் தெரியும். முழு மை போட்டும் தாள் வெள்ளையாகவில்லை என்றால் டைக்ரோமேட்டைக் குறையுங்கள்: மாறுபாடு கூடும், நேரமும் கூடும், ஆகவே அடிப்படை நேரத்தை மறுபடி பாருங்கள். பாதி மையிலேயே வெள்ளை வந்துவிட்டால் டைக்ரோமேட்டைக் கூட்டுங்கள். கழுவிப்போகும் வெளிர் நிறத்தைக் கர்வ் மட்டும் மீட்டுத் தராது. தாளில் முதலில் ஒட்டி நிற்கும் படி எதுவோ, கர்வ் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கர்வுக்கு, மை படிப்படியாகக் கூடும் 51 கட்டங்களை வரிசையாக வைக்காமல் கலைத்து அச்சிடுங்கள்; கழுவல் ஒரு பக்கம் சீரில்லாமல் போனால் பிழை ஒரே நிறத்தில் குவியாது. இரண்டு பிரதி போட்டுச் சராசரி எடுங்கள். அவற்றை அளக்கும் ஸ்கேனரில் தானாகத் திருத்தும் வசதிகள் அத்தனையும் அணைந்திருக்கட்டும்.

ஒற்றை மாற்றத்தில் (டிஷ்யூவிலிருந்து நேராகக் கடைசித் தாளுக்கு ஒரே முறை மாற்றுவது) படம் இடவலம் மாறும். சயனோடைப்புக்கு (நீல நிற அச்சு முறை) செய்வதுபோல நெகட்டிவைத் திருப்பி அச்சிடாதீர்கள். ஈர நாளில் மை டிஷ்யூவோடு ஒட்டிக்கொள்ளும், நடுவே மெல்லிய பாலியெஸ்டர் தாள் வையுங்கள். நெகட்டிவைச் சுற்றிக் கறுப்பு ஓரம் இல்லாவிட்டால் விளிம்பு பிய்யும்.

டிஷ்யூவைத் தாளோடு ஒட்ட நனைக்கும் தண்ணீர் 18 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். கோடையில் குழாய்த் தண்ணீருக்கு ஐஸ் தேவை. கழுவுவது 40 டிகிரியில். சில நிமிடத்தில் ஓரங்களில் நிறம் புகைபோலக் கசியும். அப்போது பின்தாளின் ஒரு மூலையைத் தூக்குங்கள். இழுவை தெரிந்தால் விட்டுவிட்டு இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். டைக்ரோமேட் புற்றுநோய் தரும் நஞ்சு. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.