போக்குவரத்து விற்பனை வரி என்றால் என்ன? டிக்கெட் காசு போதாதா?

பஸ், ரயில் செலவுக்கென்றே கடைப் பொருள்களின் மேல் போடும் சிறு வரி இது. அமெரிக்காவில், வேகமாக வளரும் வேக் கவுண்டி (ராலீ நகரம் இருக்கும் மாவட்டம்) மக்கள் 2016 நவம்பரில் வாக்களித்து இதை ஏற்றார்கள். 100 டாலருக்கு 50 சென்ட்.

டிக்கெட் காசு போதாது. மதியம் 2 மணிக்கு நாலே பேர் ஏறினாலும் ஓட்டுநர் சம்பளம், எரிபொருள் எல்லாம் அதேதான். சரி, அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டால்? காலை ஷிப்ட் முடித்தவர் வீடு திரும்ப வழியில்லை. மறுநாள் காலையிலும் பஸ்ஸை நம்பமாட்டார். மணிக்கு ஒரு பஸ் என்றால் 8:05-ஐ விட்டவர் 9:05 வரை வெயிலில் நிற்கணும். வரிப் பணத்தின் முதல் செலவு இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் போகணும்.

இந்த வரியும் அடுக்குமாடி லிப்ட் மாதிரிதான்: யார் எத்தனை முறை ஏறினாலும் பராமரிப்பை எல்லா வீடும் பகிர்ந்துகொள்கிறது.

“நான் காரில் போகிறேன், எனக்கென்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பஸ்ஸில் போகிறவர்களும் காரில் வந்தால், சிக்னலில் உங்களுக்கு முன்னால் நிற்கும் வரிசைதான் நீளும்.