அப்பா தோற்றது எந்தத் தேர்வில்?

கண் டாக்டர் பதில்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிளாக்கோமாவுக்கு (பார்வை நரம்பு மெல்ல நலியும் கண்நோய்) இரவில் இரண்டு கண்களுக்கும் சொட்டு மருந்து போடுகிறார். சென்ற ஆண்டு வரை, பார்வைப் பரப்பில் எங்கெங்கே தெரிகிறது என்று சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட்டின் தாள் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. கடந்த இரண்டு முறையும் மோசம். தாள் முழுக்கக் கறுப்பு, நடுவைச் சுற்றி நான்கு வெள்ளைத் திட்டுகள் மட்டும். டெஸ்ட் எடுத்த பெண், "தாத்தா தூங்கிவிட்டார்" என்று சிரித்தார். மருத்துவர் இரண்டாவது சொட்டு மருந்தைச் சேர்த்துவிட்டார். இதற்கிடையில் அப்பா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். மோக்கா என்ற நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 19. கடிகாரம் வரையச் சொன்னால் எண்களை ஒரு பக்கமாகக் குவித்துவிட்டார். கெடுவது கண்ணா, மூளையா? ஃபீல்டு டெஸ்ட் என்றாலே அப்பாவுக்குக் கண் கலங்குகிறது. நிறுத்திவிடலாமா?

— ஒரு மகள்

பதில்: அந்த நான்கு வெள்ளைத் திட்டுகளை எழுதினீர்களே, அதற்கு நன்றி. பாதிப் பதில் அதற்குள் இருக்கிறது.

ஃபீல்டு டெஸ்ட்டில் நேரே பார்த்தபடி, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்ட இடம் தாளில் கறுப்பாகிறது. அந்த இயந்திரம் முதலில் நான்கு புள்ளிகளைத்தான் சோதிக்கிறது, மேலே இரண்டு, கீழே இரண்டு. பிறகுதான் மற்ற இடங்களுக்குப் பரவுகிறது. தொடக்கத்தில் தெம்பாக இருப்பவர் அந்த நான்குக்கும் பொத்தானை அழுத்திவிடுகிறார். அதன் பின் கவனம் நழுவினால் மற்ற இடங்கள் எல்லாம் கறுப்பாகின்றன. தாளில் மிஞ்சுவது நாலிதழ்ப் பூ மாதிரி ஓர் உருவம். கிளாக்கோமாவின் கைவண்ணம் வேறு. பார்வையில் எல்லோருக்கும் உள்ள குருட்டுப் புள்ளியிலிருந்து கிளம்பி, மையத்துக்கு மேலாகவோ கீழாகவோ வில்லாக வளைந்து, மூக்குப் பக்கம் கிடைக்கோட்டில் வந்து நிற்கும். எனவே உங்கள் அப்பாவின் தாள் கண்ணைவிடக் கவனத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறது என்று சந்தேகிக்கிறேன். சந்தேகம்தான், தாளை நான் பார்க்கவில்லை.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் தாள் ஒரே ஆண்டில் இருண்டுபோயிருந்தது. அறுவை சிகிச்சைக்குத் தேதியே குறித்துவிட்டேன். கிளம்பும்போது அவருடைய மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவர் பொத்தானை அழுத்தவே இல்லை டாக்டர். வெளிச்சம் தெரிந்தபோதெல்லாம் 'ஆமாம்', 'ஆமாம்' என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்." மறுவாரம் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி மீண்டும் எடுத்தோம். முந்தைய ஆண்டுத் தாளே திரும்பி வந்தது. சொன்னதை ஐந்து நிமிடம் மனத்தில் பிடித்துவைக்க அவரால் முடியவில்லை. கண் அப்படியேதான் இருந்தது. அந்த அம்மாள் வாய் திறந்திருக்காவிட்டால் கத்தி வைத்திருப்பேன்.

தாளின் மேல் மூலையில் சில எண்கள் இருக்கும். அங்கே முதலில் பாருங்கள். குருட்டுப் புள்ளியில் இயந்திரம் அவ்வப்போது வெளிச்சம் போடும். அதற்கும் அழுத்தினால் பார்வை இடம் மாறிவிட்டது என்று பொருள். அது 20 விழுக்காட்டைத் தாண்டினாலோ, வெளிச்சம் வராமலே அழுத்தியது 15-ஐத் தாண்டினாலோ அந்தத் தாளை வைத்து மருந்தைக் கூட்டத் தயங்குவேன். இன்னோர் எண்ணும் உண்டு. ஏற்கெனவே தெரிந்த இடத்தில் அதைவிடப் பிரகாசமாகக் காட்டியும் அழுத்தாமல் விட்டது. இது கூடினால் கவனக்குறைவு என்று உடனே முடிவுகட்டக் கூடாது. நோய் முற்றிய கண்ணிலும் அது கூடும்.

இனி அந்த 19. மோக்காவின் 30 மதிப்பெண்களில் கோடு இணைப்பது, கனசதுரம், கடிகாரம், விலங்குப் படங்கள் ஆகிய 8 மதிப்பெண்கள் கண்ணை நம்பியவை. அவற்றை நீக்கி 22-க்கு மதிப்பிடும் வடிவமும் உண்டு. பார்வைப் பரப்பு சுருங்கியவர் கடிகார எண்களை ஒரு பக்கம் குவிப்பதில் வியப்பில்லை. ஆனால் ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சில நிமிடம் கழித்துக் கேட்பார்களே, அந்த ஐந்தும் போயிருந்தால் பழியைக் கண்மேல் போட முடியாது. மொத்தம் எவ்வளவு என்பதை விடுங்கள். எங்கே இழந்தார் என்று கேட்டு வாங்குங்கள். கேட்டதையே கேட்கிறார் என்கிறீர்கள். அதனால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். காது கேட்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். இது அடிக்கடி விட்டுப்போகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: பழைய மருந்துப் புட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தினம் இரவு இரண்டு கண்களுக்கும் ஒவ்வொரு சொட்டு என்றால் 2.5 மில்லி புட்டி ஏறக்குறைய ஒரு மாதத்தில் காலியாக வேண்டும். இரண்டு மாதமாகியும் கனமாக இருந்தால் அப்பா மறந்திருக்கிறார், அல்லது சொட்டு கன்னத்தில் விழுந்திருக்கிறது. முதல் மருந்தே உள்ளே போகாதவருக்கு இரண்டாவதைச் சேர்த்து என்ன பயன்? அந்த இரண்டாவது மருந்து பிரிமோனிடின் என்றால் முதியவர்களுக்குத் தூக்கக் கலக்கம் வரலாம். டிமோலால் நாடித்துடிப்பைக் குறைத்துச் சோர்வு தரலாம். புதிய புட்டி வந்த பிறகு மந்தம் கூடியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இனி நீங்களே போட்டுவிடுங்கள். போட்டதும் கண்ணின் உள்மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்புக்குள் கலப்பது குறையும். சொட்டு மருந்தே பெரும்பாடாகிவிட்டால் அவருக்கு லேசர் சிகிச்சை பொருந்துமா என்று கேளுங்கள்.

டெஸ்ட்டை நிறுத்தலாமா? இப்போது வேண்டாம். பார்வை நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனுக்குப் பொத்தான் தேவையில்லை, அதையும் எடுக்கட்டும். ஆனால் நோய் முற்றிய கண்ணில் அந்த அளவு அடிமட்டத்தைத் தொட்டு நின்றுவிடும். மேற்கொண்டு கெடுவது அதில் தெரியாது. ஃபீல்டு டெஸ்ட்டைக் காலையில், குறுகிய நேர முறையில், ஒரு நாளைக்கு ஒரு கண் என்று கேட்டு வாங்குங்கள். உதவியாளர் பக்கத்திலேயே நின்று "நன்றாகச் செய்கிறீர்கள், நேரே பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சிரிப்பவர் வேண்டாம். பல இயந்திரங்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் டெஸ்ட் நின்று காத்திருக்கும். இதை யாரும் முதியவர்களுக்குச் சொல்வதில்லை.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கண் பார்க்கக்கூடிய மிக மங்கிய வெளிச்சம் எது என்று தேடுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. அதனால் நல்ல கண்ணுக்கே கிட்டத்தட்டப் பாதி வெளிச்சங்கள் தெரியாது. என் கண்ணில் எடுத்தபோது நானும் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன்.

கேள்வி: கிளாக்கோமாவால் பார்வை மிகவும் குறைந்த என் அத்தை, அறையில் குழந்தைகள் வரிசையாக நடப்பதாகச் சொல்கிறார். அவை நிஜமில்லை என்பதும் அவருக்குத் தெரிகிறது. இது டிமென்ஷியாவா (மறதி நோயா)?

பதில்: நிஜமில்லை என்று அவரே சொல்வது நல்ல அறிகுறி. பார்வை இழந்தவர்களின் மூளை தானாகப் படம் காட்டுவதுண்டு. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் பொனே தம் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை 1760-ல் எழுதிவைத்தார். பொனேயின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. பைத்தியம் என்பார்களோ என்ற அச்சத்தில் பலர் வெளியே சொல்வதில்லை, உங்கள் அத்தை சொல்லிவிட்டார். கண் மருத்துவரிடமும் ஒருமுறை சொல்லட்டும். குழந்தைகள் அவரிடம் பேசத் தொடங்கினாலோ, அவர்களை நிஜமென்று அவர் நம்பத் தொடங்கினாலோ நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.