ரிப்பேர்க் கடை அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஹால் ஃபேன் ஆறு மாசமா மெதுவாத்தான் சுத்துது. அஞ்சாம் நம்பர்ல வச்சாலும் காத்து இறங்கலை. கடையில கேட்டா, "இதைப் போய் ஏம்மா கட்டிக்கிட்டு அழறீங்க, கரன்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் வாங்குங்க, கரன்ட் பில் பாதியாகும்"ங்கறார். விலை 3,200 ரூபாய். வாங்கலாமா?
— ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரர். ரெண்டு சங்கதியை ஒரே பொட்டலமாக் கட்டிட்டார்.

முதல்ல ஃபேன். மேல கப்பை இறக்கிப் பார்த்தா உள்ள சின்னதா ஒரு கன்டென்சர் இருக்கும். அதுல 2.5 எம்எஃப்டின்னு அச்சடிச்சிருக்கும். வருஷக்கணக்கா சூட்டுலயே கிடந்து அதோட சத்து இறங்கிடுச்சுன்னா மோட்டாருக்கு இழுவை பத்தாது. எங்க ஊர்ல அம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும். மெயினை அணைச்சுட்டு அதை மாத்தச் சொல்லுங்க. என் கடைக்கு "ஸ்லோ"ன்னு சொல்லி வர்ற ஃபேன்ல முக்காவாசி அதோட சரியாயிடும். அதுக்கும் சரியாகலைன்னா றெக்கையைக் கையால தள்ளிப் பாருங்க. கரகரன்னா பேரிங். கருகின வாடை வந்தா காயில் கட்டணும், அப்பத்தான் செலவு.

இப்ப பிஎல்டிசி. அது நல்ல சாமான், நான் குறை சொல்லலை. ஆனா பாதியாகும்னு அவர் சொன்னது பில்லு இல்லை. ஃபேன் தின்ற கரன்ட்தான் பாதிக்கும் கீழ இறங்கும். ஃப்ரிட்ஜும் தண்ணி மோட்டாரும் வழக்கம்போல தின்னும். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட், மிச்சம் 45. ஹால்ல ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாச ரீடிங்குல 40 யூனிட் குறையும். யூனிட் அஞ்சு ரூபாய்னு வச்சா 200 ரூபாய், வருஷத்துக்கு 1,200. உங்க 3,200 திரும்பி வர ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆகும். ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி நிக்கிற வீடா இருந்தா சீக்கிரமே வந்துடும். அந்தக் கோட்டைத் தாண்டினா மேல உள்ள யூனிட்டுக்கு மட்டுமில்ல, கீழ உள்ள சில யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு லாபம், கரன்ட் போன நேரத்துல பேட்டரி கூடுதலாத் தாங்கும்.

அதனால ஹாலுக்கு வாங்குங்க, பழைய ஃபேன் காயில் போன பிறகு. தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் சுத்துற விருந்தாளி ரூம் ஃபேனைத் தொடாதீங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க. பிஎல்டிசி மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை எடுத்துட்டு நேரடியாக் கனெக்‌ஷன் கொடுக்கணும். இதை ஊருக்கெல்லாம் சொல்ற நானே என் வீட்டுல "அப்புறம் பார்த்துக்கலாம்"னு ரெகுலேட்டரோட மாட்டினேன். பதினாறாம் நாள் ஃபேனுக்குள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போச்சு. ரெகுலேட்டர்ல மாட்டினதுக்கு கேரண்டி கிடையாதுன்னாங்க, போர்டுக்கு 850 ரூபாய் அழுதேன். வீட்டம்மா அன்னைக்கு முழுக்க அந்த ஃபேனை அண்ணாந்து பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தா. பழைய ஃபேனை எந்த ஊர் எலக்ட்ரீஷியனும் பிரிச்சு மூடிடுவார். இதுல போர்டு போனா அந்தக் கம்பெனி போர்டேதான் வரணும்.

கேள்வி: பெட்ரூமுக்கு ஒன்றரை டன் ஏசி வாங்கப் போறோம். 3 ஸ்டார் 36,000, 5 ஸ்டார் 45,000. 'கரன்ட் பில்லுலயே அந்த 9,000 திரும்ப வந்துடும்'னு சேல்ஸ் தம்பி சத்தியம் பண்றார். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ராத்திரி மட்டும்தான் போடுவோம்.
— வாசகர், திருச்செந்தூர்

பதில்: உங்க கடைசி வரியிலயே பதில் இருக்கு. ஏசி மேல ஒட்டியிருக்கிற ஸ்டார் ஸ்டிக்கர்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு ஒரு எண் போட்டிருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடினா எவ்வளவுங்கற கணக்கு, அதாவது தினம் 8 மணி நேரம், 200 நாள். நீங்க ராத்திரிக்கு 6 மணி நேரம், 90 நாள் போட்டா 540 மணி நேரம்தான் வரும். மூணுல ஒரு பங்கு.

உதாரணத்துக்கு 3 ஸ்டார்ல 950, 5 ஸ்டார்ல 750னு இருக்குன்னு வைங்க. வித்தியாசம் 200 யூனிட். உங்க பங்குக்கு 67. யூனிட்டுக்கு 9 ரூபாய் போட்டாலும் வருஷத்துக்கு 600 ரூபாய். 9,000 திரும்பி வர 15 வருஷம் ஆகும், சேல்ஸ் தம்பிக்குக் கல்யாணமாகி அவர் பிள்ளை பத்தாவது படிக்கும். அதுவரைக்கும் திருச்செந்தூர்க் காத்துல அவுட்டோர் யூனிட் நிக்குமா? உப்பு ஏறின காயிலைப் பார்த்திருக்கீங்களா? அலுமினியத் தகடு விரல் வச்சா மாவு மாதிரி உதிரும். அப்புறம் கேஸ் லீக், பத்தவைப்பு, மறுபடி லீக்.

3 ஸ்டார் போதும். மிச்சப் பணத்துல கொஞ்சத்தை எடுத்து, அவுட்டோரைக் கடலைப் பார்த்த சுவர்ல மாட்டாம பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்க. பைப் நீளம் கூடும், கூடட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சுவிட்சை அணைச்சுட்டு நல்ல தண்ணியில காயிலைக் கழுவி விடுங்க. வீட்டுல வயசானவங்க இருந்து பகலும் ராத்திரியும் ஓடும்னா நானே 5 ஸ்டார்தான் சொல்லுவேன். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது இறுக்குறாங்க, அதனால ஸ்டாரை எண்ணாம அந்த யூனிட் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்க. 2025 செப்டம்பர் 22ல ஏசிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சது. பில்லுல 18தானான்னும் பார்த்துக்கோங்க.

கேள்வி: எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா?
— வாசகர், சிவகாசி

பதில்: எந்தச் சாமானுக்குன்னு எழுதலையே! மிக்சிக்குன்னா வேண்டாம். பெரிய டிவி, ஏசின்னா பேப்பரை வாங்கி போர்டும் டிஸ்ப்ளேயும் அதுல அடங்குமான்னு படிங்க. 'கம்ப்ரஸருக்கு 10 வருஷம்'னு பெரிசா எழுதியிருந்தா கம்ப்ரஸருக்கு மட்டும்தான். கேஸ், போர்டு, வந்து போற கூலி எல்லாம் பெரும்பாலும் உங்க தலையில.

கேள்வி: என் போன் வாங்கி நாலு வருஷம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சார்ஜ் மட்டும் மத்தியானத்துக்குள்ள இறங்கிடுது. பையன் 'வேற வாங்குப்பா, இல்லைன்னா நல்ல செகண்ட் ஹேண்டா பாரு'ங்கறான்.
— வாசகர், ராஜபாளையம்

பதில்: போன் என் தொழில் இல்லை, பக்கத்துக் கடைத் தம்பியோடது. ரெண்டு கடைக்கும் ஒரே டீக்காரர்ங்கறதால கொஞ்சம் காதுல விழும்.

பேட்டரியை மாத்துங்க. 500 தடவை முழுசா ஏறி இறங்கின பேட்டரி பழைய பலத்துல இருக்காது, அது அதோட இயல்பு. பின்மூடி லேசாத் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னா பேட்டரி உப்பியிருக்கு. அப்ப தள்ளிப்போடாதீங்க, தலைமாட்டுல வச்சுத் தூங்காதீங்க. பாதி விலைக்குத் தர்ற பேட்டரி வேண்டாம், மூணே மாசத்துல அதே கதைதான். மாத்துறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல கடைசி செக்யூரிட்டி அப்டேட் எப்ப வந்ததுன்னு பாருங்க. வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த போன்லதான் பேங்க் ஆப்பும் இருக்குதுன்னா, பையன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

செகண்ட் ஹேண்ட் வாங்கினா காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி *#06# அடிச்சு வர்ற 15 இலக்க எண்ணை எழுதிக்கோங்க. இங்கிலீஷ்ல KYM போட்டு, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா அந்த போனோட விவரம் வரும். அதுபடி மாடலே வேறயா இருந்தாலோ, பிளாக் ஆன போனா இருந்தாலோ பேசாம எழுந்து வந்துடுங்க. பக்கத்துக் கடைத் தம்பி இதைப் பார்க்காம ஒண்ணு வாங்கிட்டு ஸ்டேஷனுக்கு ரெண்டு நாள் நடந்தான்.

கேள்வி: மூணு வருஷ ஸ்மார்ட் டிவி. ஆன் பண்ணினா படம் வரவே ரெண்டு நிமிஷம் ஆகுது. எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடவா?
— வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டாம்மா. படம் தெளிவா இருக்குல்ல? மூளைதான் களைச்சுப் போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு. விலை குறைஞ்ச டிவியில மெமரி கம்மி, ஆப் பெருக்கப் பெருக்க மூச்சு வாங்கும். டிவிக்குப் பதிலா ஆப்பை ஓட்டுற, எச்டிஎம்ஐ ஓட்டையில சொருகுற ஸ்டிக் ஒண்ணு வாங்குங்க, புது டிவி விலையில அஞ்சுல ஒரு பங்குகூட வராது. பேனல்ல கோடு விழுந்து வந்திருந்தீங்கன்னா இந்தப் பதிலே வேற.

கேள்வி: எங்க அம்மாவுக்கு 2011ல கவர்மென்ட் கொடுத்த விலையில்லா கிரைண்டர் இன்னும் இருக்கு. மோட்டார் சத்தம் வருது, டிரம் சுத்தலை. பழைய இரும்புக்குப் போடலாம்னா அம்மா விட மாட்டேங்கறாங்க. புதுசு வாங்கிக் கொடுத்தாலும் பரண்ல ஏத்தி வச்சுட்டாங்க.
— வாசகி, கடையநல்லூர்

பதில்: அம்மா பக்கம்தான் நான். மோட்டார் சத்தம் வந்து டிரம் சுத்தலைன்னா பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லை அறுந்திருக்கும். நூறு, நூத்தம்பது ரூபாய் வேலை. அந்த வருஷம் மிக்சி, கிரைண்டர், ஃபேன்னு மூணும் வீடுவீடா வந்து இறங்கினப்ப, எங்க பொழைப்பு போச்சுன்னு நினைச்சோம். அடுத்த பத்து வருஷம் எனக்குச் சோறு போட்டதே அந்தக் கிரைண்டர்தான்.

பக்கத்துல யாராவது மெக்கானிக் இருந்தா கொண்டுபோங்க. பஸ்ல எடுத்துப் போறதா இருந்தா கல்லைக் கழற்றி வீட்டுலயே வச்சுட்டுப் போங்க. போன வாரம் ஒரு பெரியவர் அப்படியே சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தார். கிரைண்டர் பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு, அவர் இடுப்புக்குத்தான் இன்னும் தைலம் போட்டுக்கிட்டிருக்காராம்.