லேப்டாப்பில் ஓடுகிற டிஸ்க், டிவியில் மட்டும் ஏன் 'எரர்' காட்டுகிறது?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறேன். தம்பி கல்யாணத்துக்கு எங்கள் அம்மிச்சியால், அதாவது அம்மாவைப் பெற்றவரால், வர முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். காங்கயம் பக்கம் தோட்டத்து வீட்டில் பழைய பொட்டி டிவியும் ஒரு டிவிடி பிளேயரும்தான் இருக்கின்றன. செல்போனில் எடுத்த ஐம்பது நிமிட வீடியோ, நானூறு போட்டோ எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு ஒரு கடையில் கொடுத்தேன். 350 ரூபாய் வாங்கிக்கொண்டு டிஸ்க் போட்டுக் கொடுத்தார்கள். தம்பியின் பழைய லேப்டாப்பில் ஜோராக ஓடுகிறது. அம்மிச்சி வீட்டில் 'டிஸ்க் எரர்'. கடைக்காரரைக் கேட்டால், "பிளேயர் போயிருச்சுங்க, வேற வாங்கிக்குங்க" என்கிறார். நிஜமாகவே பிளேயர்தான் கோளாறா?

பதில்: பிளேயரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீங்க. வீட்டில் கிடக்கிற ஏதாவது ஒரு சினிமா டிவிடியைப் போட்டுப் பாருங்க. படம் ஓடினால் பழி பிளேயர் மேல் இல்லை.

அடுத்து, தம்பி லேப்டாப்பில் அந்த டிஸ்க்கைப் போட்டு, ஓட்டாமல், திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்க. 'வீடியோ டிஎஸ்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டர், அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி என்று முடிகிற ஃபைல்கள் இருந்தால் அது வீடியோ டிவிடி. உங்கள் செல்போன் வைத்த பெயரோடு எம்பி4 ஃபைல்கள் வரிசையாக நின்றால் அது டேட்டா டிவிடி, வட்டமாக இருக்கிற பென்டிரைவ். உங்களுடையது இரண்டாவது ரகம்தான் என்று பந்தயமே கட்டுவேன்.

லேப்டாப்புக்கு அநேகமாக எல்லா வகை வீடியோவும் புரியும். அம்மிச்சி வீட்டு பிளேயருக்குப் புரிவது முக்கியமாக ஒரே வகை: எம்பெக்-2. நம் ஊர் கணக்குக்கு 720-க்கு 576 புள்ளி அளவு, நொடிக்கு 25 படம். செல்போன் வீடியோவை முதலில் அந்த வகைக்கு மாற்றி, பிறகு அந்த 'வீடியோ டிஎஸ்' அமைப்புக்குள் அடுக்கி, அதற்கப்புறம்தான் டிஸ்க்கில் ரைட் செய்ய வேண்டும். உங்கள் கடைக்காரர் முதல் இரண்டு வேலையையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் செய்திருக்கிறார். பஞ்சு மூட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டு பனியன் என்று பில் போட்டால் உங்க ஊரில் விடுவாங்களா?

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. வேலை தெரியாமல் செய்கிறவர் பாதிப் பேர். தெரிந்தே செய்கிறவர் மீதி. ஃபைலை இழுத்துப் போட்டு ரைட் செய்ய பத்து நிமிடம். முறையாக மாற்றினால் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் அதிலேயே மாட்டிக்கொள்ளும். காசு மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. திரும்பி வந்தால் "பிளேயர் போயிருச்சு" என்று ஒரு பதில், கையோடு அவர் கடையிலேயே ஒரு பிளேயர். அடுத்த முறை எந்தக் கடைக்குப் போனாலும் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லுங்க: "டேட்டா டிவிடி வேண்டாங்க, வீடியோ டிவிடியா போடுங்க, உங்க டிவி பிளேயர்ல ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் காசு." கடையில் பிளேயர் இல்லை என்றால் அங்கே கொடுக்காதீங்க.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. விண்டோஸே இந்தக் குழப்பத்துக்கு வழி செய்கிறது. காலி டிஸ்க்கைப் போட்டால், 'யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல' வேண்டுமா, 'சிடி/டிவிடி பிளேயருடன்' வேண்டுமா என்று கேட்கும். இரண்டாவதை அமுக்கினால் டிவியில் ஓடும் என்றுதானே யாரும் நினைப்பாங்க? அதுவும் ஃபைல்களை அப்படியே போட்டு டிஸ்க்கை மூடிக் கொடுக்கிற வேலையை மட்டும்தான் செய்கிறது. விண்டோஸ் 7 வரைக்கும் பல பதிப்புகளில் 'டிவிடி மேக்கர்' என்று ஒன்று கூடவே வந்தது. சாமானியர் இதே வேலையைச் செய்துகொள்ள அது போதும். விண்டோஸ் 8-ல் எடுத்துவிட்டார்கள். புது லேப்டாப்பில் பெரும்பாலும் டிஸ்க் போடும் தட்டே இல்லை. சோனி, ரைட் செய்யும் ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. எண்பது வயதுக்காரர்கள் கையில் ஒரு ரிமோட்டைப் பழகி வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

நீங்களே செய்துவிடலாம், பயப்படாதீங்க. தம்பி லேப்டாப்பில் டிரைவ் நன்றாக ரைட் செய்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் வெளியே சொருகும் டிவிடி ரைட்டர் கிடைக்கிறது. அதன் வயரில் இரண்டு யுஎஸ்பி முனை இருந்தால் இரண்டையும் சொருகுங்க, ஒன்றில் கரன்ட் பத்தாமல் பாதியில் நிற்கும். 'டிவிடி ஸ்டைலர்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்க. இலவசம் என்று கண்ட இடத்தில் இறக்கினால் கூடவே நாலு வேண்டாத விருந்தாளி வந்து உட்கார்ந்துகொள்வான். திறந்ததும் சில கேள்வி கேட்கும்: அளவு 4.7 ஜிபி, வடிவம் 'PAL' (நம் ஊர் டிவி முறை), அகலம் 16:9. மெனு எதுவும் வேண்டாம். டிஸ்க்கைப் போட்டதும் தானாகப் படம் ஓட வேண்டும். அம்மிச்சி அம்புக்குறியை நகர்த்தி ஓகே அமுக்குவாரா என்ன? வீடியோக்களை வரிசையாக இழுத்துப் போட்டு, கடைசியில் பர்ன்.

டிஸ்க் வாங்கும்போது டிவிடி-ஆர் கேளுங்க, நடுவில் கழித்தல் குறி போட்டது. பழைய பிளேயர்களுக்கு அதுதான் ஒத்துவரும். அழித்து எழுதுகிற ஆர்டபிள்யூ வேண்டாம். வேகத்தை 4 எக்ஸ் வையுங்க. டிஸ்க் முழுக்க நிரம்பினாலும் கால் மணி நேரத்தில் முடியும். இந்த அவசரம் என்ன செய்யும் என்று பட்டவன் சொல்கிறேன். ஈரோட்டில் வீடியோ மிக்ஸிங் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது டிஸ்க் கேட்டார்கள். 16 எக்ஸில் அடித்துத் தள்ளி, மேலே பொண்ணு மாப்பிள்ளை படம் போட்ட ஸ்டிக்கரையும் ஒட்டிக் கொடுத்தேன். பதினொன்று திரும்பி வந்தது. பாதி, வேகத்தால் படிக்க முடியாதவை. மீதி, ஸ்டிக்கர் ஒரு பக்கம் கோணலாக ஒட்டி, சுற்றும்போது ஆட்டம் கண்டவை. அன்றையிலிருந்து மார்க்கர் பேனாவில் பேர் எழுதுவதோடு சரி.

"எங்க மாமா வீட்டு பிளேயர்ல நேரா ஃபைலைப் போட்டாலே ஓடுதே" என்று யாராவது சொல்வார்கள். ஓடும். எது, எப்போது என்பதில்தான் விஷயம். பிளேயரின் முகப்பில் 'டிவ்எக்ஸ்' என்ற முத்திரை இருந்தால் சில ஏவிஐ ஃபைல்களை அது படிக்கும். எம்பி4 அல்ல, ஏவிஐ. அந்த ஏவிஐக்குள்ளும் டிவ்எக்ஸ் அல்லது எக்ஸ்விட் முறையில் சுருக்கியிருக்க வேண்டும். ஃபைல் பெயரை ஏவிஐ என்று மாற்றி வைத்தால் ஏமாறாது. படம் பழைய டிவி அளவிலேயே இருக்க வேண்டும். செல்போனின் ஃபுல் ஹெச்டியைப் போட்டால் சத்தம் மட்டும் வரும், அல்லது அதுவும் வராது. முகப்பில் யுஎஸ்பி ஓட்டை இருக்கிற பிளேயருக்கும் இதே சட்டம்தான்: ஓட்டை இருக்கிறது என்பதற்காகப் போட்டதெல்லாம் ஓடிவிடாது. போட்டோ கதை வேறு. ஜேபெக் படங்களைப் பல பிளேயர்கள் நேரடியாகக் காட்டும். ஆனால் 12 மெகாபிக்சல் படம் ஒன்று திரையில் வர சில நொடி திணறும், செங்குத்தாக எடுத்ததைப் படுக்கப்போட்டுக் காட்டும், ஐபோனின் ஹெச்இஐசி படம் என்றால் கையை விரித்துவிடும். இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்வதற்கு முறையாக வீடியோ டிவிடி போட்டுவிடுவதே சுலபம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். நானூறு போட்டோ, ஒன்றுக்கு ஆறு நொடி என்றால் நாற்பது நிமிடம். வீடியோ ஐம்பது. ஆக ஒன்றரை மணி நேரம். ஒரு டிஸ்க்கில் தெளிவாகவே அடங்கும். இரண்டு மணி நேரம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆனால் நானூறு எதற்கு? ஒரே பந்தியில் ஒரே இலையை ஒன்பது தடவை எடுத்திருப்பீங்க. நூற்றைம்பதுக்குக் குறையுங்க, கால் மணி நேரத்தில் முடியும். இணைச்சீர்ச் சடங்கும் தாலி கட்டும் முதலில் வரட்டும். அம்மிச்சி தேடுவது அதைத்தான். ஒறம்பரை (சொந்தக்காரர்) முகங்களில் கொஞ்சம் நிதானமாக நிற்கட்டும், "இது யாரு, செல்லாண்டியம்மன் கோயில் வீட்டுக்காரரா?" என்று கேட்டு முடிப்பதற்குள் படம் மாறிவிட்டால் கோபம் உங்கள் மேல்தான் வரும். எழுத்துப் போடுவதாக இருந்தால் நாலு ஓரத்திலும் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்க. பொட்டி டிவி ஓரத்தைக் கத்தரித்துக் காட்டும். மாப்பிள்ளை பேரின் முதல் எழுத்து வெளியே போய்விடும். பிளேயர் செட்டிங்கில் டிவி வகை '4:3 லெட்டர்பாக்ஸ்' என்று இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் நிற்கிற ஆளெல்லாம் காணாமல் போவார்கள். செல்போனை நட்டுக்குத்தலாகப் பிடித்து எடுத்த வீடியோ நடுவில் ஒரு பட்டையாகத்தான் வரும். அதற்கு மருந்து இல்லை.

சொந்தக்காரர்களிடம் படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீங்க, சுருங்கி வரும். 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்க.

டிஸ்க் போட்டாயிற்று என்று செல்போனில் இருப்பதை அழித்துவிடாதீங்க, இதுதான் மிகப் பெரிய கண்ணி. டிவிடியில் ஒரு படத்தின் அளவு 720-க்கு 576, அதாவது நாலு லட்சம் சொச்சம் புள்ளி. உங்கள் செல்போன் போட்டோவில் அது ஒரு கோடிக்கு மேல். நாளைக்கு ஃபிரேம் போட வேண்டுமென்றால் டிஸ்க்கிலிருந்து ஒன்றும் தேறாது. மூலப் படங்களைத் தனியாக இரண்டு இடத்தில் வையுங்க. கல்யாண ஸ்டுடியோக்காரரிடமும் எடுத்த மூல ஃபைல்களை ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்கிடுங்க. எடிட் செய்ததை மட்டும் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் போனால் "இடமில்லைன்னு அழிச்சுட்டமுங்க" என்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக ரோட்டோரத்தில் '2 டிபி பென்டிரைவ் 400 ரூபாய்' என்று விற்பதை வாங்கிவிடாதீங்க. உள்ளே இருப்பது பெரும்பாலும் 8 அல்லது 16 ஜிபிதான். இரண்டு டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். ஏற்றும்போது எல்லாம் ஏறும், பெயரெல்லாம் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. 'ஹெச்2 டெஸ்ட் டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் வாங்கிய அன்றே சோதிக்கலாம்.

ஒன்றுக்கு இரண்டு டிஸ்க் ரைட் செய்து, திருப்பூரிலேயே யார் வீட்டிலாவது பழைய பிளேயரில் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் காங்கயத்துக்கு பஸ் ஏறுங்க. கடைசிப் பத்து நிமிடம்தான் பெரும்பாலும் மக்கர் செய்யும். போகும்போது ரிமோட்டுக்கு ரெண்டு பேட்டரியும் எடுத்துக்குங்க.