விஐ எடிட்டரை இப்போது கற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. விஎஸ் கோட் எடிட்டர் நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் சீனியர்கள் சர்வருக்குள் போனால் விஐ, விம் (விஐ-யின் மேம்பட்ட வடிவம்) என்றுதான் திறக்கிறார்கள். நான் ஒருமுறை திறந்துவிட்டு, வெளியே வரத் தெரியாமல் டெர்மினலையே மூடினேன். 1976-இல் எழுதிய எடிட்டரை இப்போது கற்பதில் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. நாம் கை வைக்க வேண்டிய கணினி எப்போதும் நம்முடையதாக இருக்காது. புரொடக்‌ஷன் சர்வரில் (நிஜப் பயனர்களுக்காக ஓடுவது) புதிதாக எதையும் நிறுவப் பெரும்பாலும் விடமாட்டார்கள். விஐ அல்லது விம் அங்கே பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். யூனிக்ஸ் அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்திலேயே விஐ-க்கு இடம் உண்டு. ரவுட்டர் போன்ற சிறு கருவிகளில் இருக்கும் பிஸிபாக்ஸ் என்ற சிறு கட்டளைத் தொகுப்புக்குள்ளும் ஒரு குட்டி விஐ இருக்கிறது.

அது மட்டும் என்றால் அவசரத்துக்கு நாலு கட்டளை போதும். ஆனால் பழகியவர்கள் சொந்தக் கணினியிலும் அதை விடுவதில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் விஐ-யை எழுதியபோது அவரிடம் இருந்தது 300 பாட் மோடம். நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் வரும். 24 வரித் திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒவ்வொரு கட்டளையையும் ஓரிரு எழுத்தில் அடக்கினார். அவருடைய டெர்மினலில் ஹெச், ஜே, கே, எல் விசைகள் மேலேயே அம்புக்குறிகள் இருந்தன. கர்சரை நகர்த்த இன்றும் அந்த நான்கும்தான்.

விஐ திறந்ததும் விசைகள் எல்லாம் கட்டளைகள். ஐ அழுத்தினால்தான் எழுத்து விழும், எஸ்கேப் அழுத்தினால் மறுபடி கட்டளை. நீங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

இந்தக் கட்டளைகள் வாக்கியம் போலச் சேரும். ஒரு வரியில் போர்ட் எண் 8080 இரட்டை மேற்கோளுக்குள் இருக்கிறது, மாற்ற வேண்டும். சி (மாற்று), ஐ (உள்ளே), பிறகு மேற்கோள் குறி: மூன்றே தட்டு. உள்ளே இருப்பது அழிந்து, எழுதத் தயாராகிவிடும். புது எண்ணை அடித்து எஸ்கேப். அடுத்த இடத்துக்குப் போய் ஒரு புள்ளி வைத்தால் அதே மாற்றம் அங்கேயும் நடக்கும். எனக்கு விம்மில் மிகப் பிடித்தது இந்தப் புள்ளிதான். (மேற்கோள் வசதி பழைய விஐ-யில் கிடையாது. பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம்மின் வழியில் வந்தது.)

இன்னொன்று. சர்வரில் நீளமான ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு இணைப்பு அறுந்துபோனது. சேமிக்கவே இல்லை. மறுபடி உள்ளே போய் அதே ஃபைலைத் திறந்தேன். ஸ்வாப் ஃபைல் (சேமிக்காததை விம் அவ்வப்போது எழுதிவைக்கும் தற்காலிக ஃபைல்) இருப்பதாக விம் சொன்னது. ஆர் அழுத்தினேன், எழுதியது திரும்ப வந்தது.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் சேமிக்காமல் வெளியே வரும் வழி: எஸ்கேப், பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமித்து வர கோலன், டபிள்யூ, க்யூ, என்டர். விஎஸ் கோடை விட வேண்டாம். பெரிய ப்ராஜெக்ட்டில் டீபக் செய்ய அது வசதிதான். அதிலேயே விம் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டால் கை பழகும். மற்றவர்களின் நூறு வரி விம் கான்ஃபிக்கை எடுத்து ஒட்டாதீர்கள். எது விம், எது அவர்கள் செய்த மாற்றம் என்றே தெரியாமல் போகும்.

அப்புறம், விம் இருக்கும் கணினிகளில் விம்டியூட்டர் என்ற பாடமும் பெரும்பாலும் கூடவே இருக்கும். டெர்மினலில் அந்தப் பெயரை அடித்தால் போதும், அரை மணி நேர வேலை. அது திறப்பது பாடத்தின் நகலைத்தான், எதை வேண்டுமானாலும் அழித்துப் பாருங்கள்.