ரதிக்கு மீசை இருந்த வருடம்

கேள்வி: கொழும்பில் வேலை பார்க்கும் என் தம்பி ‘ரொக்கி ஹொரர் பிக்சர் ஷோ’ என்ற பழைய ஆங்கிலப் பாட்டுப் படத்தை இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டான். லீவில் வந்தபோது எனக்கும் போட்டுக் காட்டினான். ஓர் ஆண் பெண்களின் உள்ளாடையும் குதியுயர்ந்த செருப்புமாக வந்து பாடுகிறார். கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. இதை 50 வருடமாகக் கொண்டாடுகிறார்களாம். இந்த அர்த்தமில்லாத கூத்தில் ரசிகர்கள் அப்படி என்னத்தைக் கண்டார்கள்?
— ஓர் ஆசிரியை, தலவாக்கலை

பதில்: டீச்சர், கேள்வியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஒரே ஒரு சொல்லைத் தவிர. கூத்து.

தலவாக்கலையில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை இப்படிப் போட்டு உடைக்கலாமா? ‘என்ன கூத்து இது’, ‘கூத்தடிக்கிறான்’, ‘கூத்தாடிப் பயல்’. ஏசுவதற்கு நமக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லை போலிருக்கிறது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். ஒரு தடவை பாராளுமன்றச் சண்டையைக் ‘கூத்து’ என்று வர்ணித்து ஒரு கட்டுரை வந்தது. ‘கூத்தை இழிவுபடுத்த வேண்டாம், கூத்தாடுகிறவனுக்குப் பாட்டு மனப்பாடமாகத் தெரியும்’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். எழுதியவர் இன்றுவரை என்னுடன் பேசுவதில்லை.

சரி, படத்துக்கு வருவோம். 1973இல் லண்டனில், அறுபது சொச்சம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு மாடியறை அரங்கில் நாடகமாகத் தொடங்கியது அது. எழுதியவர் ரிச்சர்ட் ஓ’பிரையன். 1975இல் படமாக வந்தபோது பெரும்பாலான ஊர்களில் கூட்டம் சேரவில்லை. 1976 ஏப்ரலில் நியூயோர்க்கில் ஒரு தியேட்டர் அதை நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தது. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். படத்தில் கதாநாயகி மழையில் செய்தித்தாளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நடக்கும் கட்டம் வரும். அதைப் பார்த்து, குடை வாங்கக்கூட வக்கில்லாத கஞ்சப் பெண்ணா நீ என்று ஒருவர் திரையை நோக்கிக் கத்தினாராம். கத்தியவர் யார் தெரியுமா? பாலர் வகுப்பு ஆசிரியர். உங்கள் தொழில்தான் டீச்சர். பகலெல்லாம் பிள்ளைகளை வாயை மூடச் சொன்னவர், இரவில் தன் வாயைத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு வசனம் கத்தத் தொடங்கினார்கள். மழைக் கட்டம் வந்தால் அரங்கில் எல்லோரும் தலைக்குச் செய்தித்தாள் பிடிப்பார்கள், பின்வரிசைக்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் மழை பெய்விப்பார்கள். கலியாணக் கட்டத்தில் அரிசி பறக்கும். ஆங்கிலத்தில் மதுக்கிண்ணத்தைத் தூக்கி வாழ்த்துவதற்கும் சுட்ட பாணுக்கும் ஒரே சொல், டோஸ்ட். படத்தில் ஒருவர் கிண்ணத்தைத் தூக்கி அந்தச் சொல்லைச் சொன்னதும் திரையை நோக்கிச் சுட்ட பாண் பறக்கும்.

இதை நம் பக்கத்தில் செய்தால் என்னாகும் என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். அரிசியை விட்டுவிடுங்கள். 2022 நெருக்கடியில் யாராவது அரிசி எறிந்திருந்தால், பொறுக்குவதற்காக முதல் வகுப்பிலிருந்தே ஆள் இறங்கியிருக்கும். பாண் பரவாயில்லை, இசை ஒலிக்கவிட்டுப் பாண் விற்றுவரும் சூன் பாண் ஆட்டோ ஒன்றைத் தியேட்டர் வாசலில் நிறுத்திவிட்டால் போதும். பீத்தோவன் இசையும் இலவசம். சிக்கல் என்னவென்றால் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் பாண் கொண்டுவர மாட்டார்கள், ரொட்டிதான் கொண்டுவருவார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் என் அம்மா சுட்டுக் கட்டி எடுத்துப்போகும் கோதுமை மா ரொட்டி, மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்குள் விறைத்துவிடும். அதை மாலைக் காட்சியில் எறிந்தால் திரை கிழியும், திரைக்குப் பின்னால் தூங்கும் காவல்காரரின் மண்டை உடையும். தியேட்டர் முதலாளி ரொட்டியைச் சாட்சிப்பொருளாகப் பொலிஸில் ஒப்படைப்பார். வழக்கு பத்து வருடம் இழுக்கும், ரொட்டி அப்படியே இருக்கும். கடைசித் தவணையில் நீதவான் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆயுதம்தான் என்று தீர்ப்பளிப்பார்.

எங்கே விட்டேன்? கூத்து.

மாசி அமாவாசை கழிந்ததும் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். கடைசி இரவு ரதியும் மன்மதனும் எங்கள் வரிசைவீடுகள் வழியே லயம் லயமாக வருவார்கள். தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சுகிற வாசனைக்கே நாங்கள் எழுந்துவிடுவோம். ரதி எப்போதும் ஆண்தான். எங்கள் ரதி பகலில் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற அண்ணன். ஒரு வருடம் அவர் மீசையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வாரம் பெண் பார்க்கப் போகிறார்களாம். கூத்து வாத்தியார் கெஞ்சினார், கோயில் தலைவர் மிரட்டினார். மனிதர் அசையவில்லை. கடைசியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஆடுவதாக ஒப்பந்தமானது.

கலியாணப் பாட்டு முழுக்க மூடிக்கொண்டே ஆடினார். வெட்கப்படுகிற ரதி என்று கிழவிகள் மெச்சினார்கள். கெட்ட கனவு கண்டு ‘போகாதே’ என்று மன்மதனைத் தடுக்கிற இடத்திலும் சமாளித்துவிட்டார். சிவனுடைய நெற்றிக்கண் திறந்தது, மன்மதன் எரிந்தான். ரதி புலம்ப வேண்டும். இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு புலம்புவது எப்படி, ஒரு கை முந்தானையில் இருந்தால்? அண்ணன் முந்தானையை விட்டுவிட்டார். தீவட்டி வெளிச்சத்தில் மீசை, கண் மையெல்லாம் கரைந்து அதன் மேல் வழிகிறது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஓங்கிப் புலம்பினார். சிரித்துக்கொண்டிருந்த என் பாட்டி சிரிப்பை விடாமலே அழுதார். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான்.

அடுத்த வருடம் அவருக்குக் கலியாணமாகிவிட்டது. மழுங்கச் சிரைத்து, லட்சணமான ரதியாக வந்து நின்றார். ‘மீசை எங்கே?’ என்று முதல் லயத்திலேயே ஒருவர் கத்தினார், ஏழு லயமும் கத்தியது. பிறகு வருடா வருடம் புலம்பல் தொடங்குமுன் ‘மீசை எங்கே?’ என்று கூட்டம் கேட்பதும், ரதி வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடுவதும் எங்கள் கூத்தின் ஓர் அங்கமாகவே ஆகிப்போனது. வாத்தியாரின் ஏட்டில் அது இல்லை. நியூயோர்க்கில் குடைக்குக் கத்தியதும் படத்தின் கதைவசனத்தில் இல்லை. இதைத்தான் டீச்சர், அவர்கள் அங்கே கண்டார்கள். பிசிறில்லாத படத்தில் நமக்கு என்ன வேலை? வாயை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்துகொள்ளலாம். புகுந்துகொண்டவன் அப்புறம் வெளியே வருவதில்லை, 20 தடவை பார்ப்பான்.

மூன்றாம் வருடம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒட்டுமீசை வாங்கி வந்து தங்கள் ரதிக்கு ஒட்டினார்கள். ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. சூசன் சொன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1964இல் இந்த ரசனையைப் பற்றி 58 குறிப்புகள் எழுதினார். தெரியாமல் அமைவதுதான் சுத்தம், வேண்டுமென்று செய்வது அத்தனை ருசிக்காது என்பது அதில் ஒன்று. ஒட்டுமீசையை அவர் பார்க்காமலே எழுதிவிட்டார். இந்த ரசனைக்கு ஆங்கிலத்தில் ‘காம்ப்’ என்று பெயர். இந்த நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு வேறு ஞாபகங்கள் வருவதால் நான் கூத்து என்றே சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி பார்க்கிற படம் வேண்டுமென்று செய்ததுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்த உள்ளாடை தற்செயலாக வந்ததல்ல. ஆனால் பாண் எறியச் சொல்லி யாரும் படம் எடுக்கவில்லை.

நம்முடைய முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) எப்படி இருந்தது? நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார், நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். காளிதாசன் கதைக்கு நடுவே காந்தியின் கைராட்டினத்துக்கு ஒரு பாட்டு. யாரும் தியேட்டரை விட்டு எழுந்து போகவில்லை. 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது, பாகவதரின் பாட்டுக்காகவே. 1998இல் ஜப்பான்காரர்கள் ‘முத்து’வுக்கு ‘நடனமாடும் மகாராஜா’ என்று பெயர் சூட்டி டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓட்டினார்கள். எம்.ஜி.ஆரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இல் மறுபடி வெளியாகிச் சென்னையில் வெள்ளிவிழா கொண்டாடியது. அவர் 1917இல் பிறந்தது நாவலப்பிட்டியில். அவர் எங்கள் ஊரில்தான் பிறந்தார் என்கிற கண்டிக்காரர்கள் பேனாவை மூடி வைக்கவும், அந்த வழக்கை இந்தப் பக்கத்தில் எப்போதோ முடித்தாயிற்று.

முடியாத வழக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கலாசார விழாவில் காமன் கூத்தைப் பதினைந்து நிமிடமாக வெட்டி, மேடையில் மின்விளக்குப் போட்டு, ரதிக்கு ஒரு நடன ஆசிரியையை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண் நன்றாக ஆடினார், பொய் சொல்ல மாட்டேன். சபை கதிரையில் அமர்ந்து கைதட்டியது. புலம்பல் வந்தபோது நான் வாய்விட்டு ‘மீசை எங்கே?’ என்றேன். முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் திரும்பி, ‘என்ன கூத்து இது, அமைதியாக இருங்கள்’ என்றார். எழுந்து வந்துவிட்டேன். அதைப் பற்றி நான் எழுதிய மூன்று தலையங்கத்துக்கும் ஏற்பாட்டாளர்களிடமிருந்து பதில் இல்லை.

வருகிற மாசிக்குத் தம்பிக்கு லீவு கிடைத்தால் எங்கள் தோட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும், எந்த இடத்தில் கத்துவது என்பதை என் பாட்டியின் பேத்திகள் சொல்லித்தருவார்கள். பாண் வேண்டாம். குடையும் வேண்டாம், மாசியில் மழை குறைவு. ஒரு கம்பளி எடுத்துவரச் சொல்லுங்கள், விடியப்புறம் பனி கொட்டும்.